பின்னால் வரும் வேன்

ஆஸ்பத்திரி வார்டில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். நோயாளிக்கும் பிணத்துக்கும் ஒரே வேகத்தில் விரிப்பு மாற்றுவாள். உறவுக்காரர்கள் நடையில் நின்று விசும்பினால், "அழறதை அந்தப் பக்கம் போய் அழுங்க, நான் தரை துடைக்கணும்" என்பாள். ஓய்வு பெற்ற நாளன்று மாலை போட வந்தவர்களிடமும், "மாலையைக் கையில குடுங்க, கழுத்து அரிக்கும்" என்றுதான் சொன்னாளாம்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். நல்ல மனிதர், வாய் அதிகம் கிடையாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்துவிட்டுத்தான் பிள்ளையை இறங்கச் சொல்வார். கடைசிப் பிள்ளையை இறக்கிய பிறகு, "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று காலி வேனைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார். பதில் வராது. அதன் பிறகே வீட்டுக்குத் திரும்புவார்.

அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தபோது, ஒரு பிள்ளையை வேறு யாரோ வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். அத்தோடு ஓட்டுவது நின்றது. நின்ற வேனின் எஞ்சினும் கொஞ்ச காலத்தில் இறுகிப்போயிற்று. மனிதருக்கும் அப்படித்தான் ஆனது. சோற்றைக் கண்டால் உதட்டைத் தைத்த மாதிரி மூடிக்கொள்வார். கெஞ்சியும் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள், மூக்கைப் பிடித்தும் பார்த்தாள். ஒருநாள் ஆளைக் காணோமென்று தேடினால், சுவரோரம் நின்ற வேனில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தட்டோடு இடப்பக்க சீட்டில் ஏறினாள். "பார்த்துப் போங்க, லெஃப்ட்ல திருப்பம்" என்றாள் சும்மா. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார், வாயையும் திறந்தார்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் வேனில்தான். எதிரே இருப்பது பாசி படிந்த சுவர். அதைப் பார்த்துக்கொண்டு இவள் சாலை சொல்வாள், அவர் ஓட்டுவார், தட்டு காலியாகும்.

"ஊர்ல எல்லாரும் வண்டியில ஏறி ஓட்டலுக்குப் போவாங்க. நீ வண்டியையே ஓட்டலாக்கிட்டியேக்கா" என்று அவள் தம்பி கிண்டலடிப்பான். அவன் மெக்கானிக். அவனிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது.

பிறகு அவள் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஒற்றைக் கையால் ஓர் ஆளைத் தூக்கிப் புரட்ட முடியாது. மகள் வந்து அப்பாவை ஆம்புலன்ஸில் தன் ஊருக்குக் கொண்டுபோனாள். அங்கே போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இவள் கைக்கட்டைப் பிரித்த மறுநாள் மகள் போன் செய்தாள்.

"அம்மா, இனிமே முடியாதுங்கறார் டாக்டர். நாளைக்குச் சாயந்திரம் நர்ஸ் வந்து மூக்குல குழாய் போடறாங்களாம்."

குழாய் போட்டால் பிடுங்குவார், பிடுங்கினால் கையைக் கட்டிலில் கட்டுவார்கள். அவளே எத்தனையோ பேருக்குத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறாள். கட்டிய கைகள் பிறகு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். தம்பியைக் கூப்பிட்டாள்.

"வேனை இழுத்துக்கிட்டுப் போகணும். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள."

"இந்த ஓட்டை டப்பாவையா? அவ்வளவு தூரமா? அத்தானை இங்க கொண்டுவர்றது சுலபம்."

"அவரு உடம்பு தாங்காது. டப்பா தாங்கும்."

விடிந்ததும் கிளம்பினார்கள். பிக்கப்பின் பின்கொக்கியில் இழுவைக் கம்பியை மாட்டி, மறுமுனையை வேனின் மூக்கில் போல்ட் போட்டான். வேனின் நான்கு சக்கரமும் தரையில்தான் உருள வேண்டும். அதனால் கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திருப்பி அப்படியே விட்டான்.

"வளைவு வந்தா ஸ்டியரிங் தானாத் திரும்பும். கண்ணாடியில பார்த்துட்டு அலறாதே."

"பொணத்தோட ராத்திரி பூரா உட்கார்ந்தவடா நான்."

ஆனால் முதல் வளைவில் அவள் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். ஆளில்லாத வேனில் ஸ்டியரிங் மெல்லத் திரும்பியது, கொஞ்சம் நின்று பார்த்தது போல் நின்றது, பிறகு நேரானது. அவர் திருப்புவதும் அப்படித்தான், ஒரேயடியாக ஒடிக்க மாட்டார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். சக்கரம் திரும்பினால் ஸ்டியரிங் திரும்பத்தானே செய்யும் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

வெயில் ஏறியபோது ஒரு டீக்கடையில் நின்றார்கள். திரும்பக் கிளம்பிச் சிறிது தூரம் போவதற்குள் கருகல் வாடை வந்தது. தம்பி இறங்கிப் போய் வேனின் பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு. ஏன்க்கா இழுத்தே?"

"நான் தொடவே இல்லை."

"நான் டீ குடிக்கறப்போ வேனுக்குத் துண்டு எடுக்கப் போனியே."

"துண்டைத்தான் எடுத்தேன்."

"பழக்கதோஷத்துல இழுத்திருப்பே. வயசாகுதுல்ல."

"உனக்கு மட்டும் என்ன, இளமை திரும்புதா?" என்றாளே தவிர, மேலே வாதாடவில்லை. தன் கை தன்னை அறியாமல் எதையாவது செய்வதுண்டுதான். அவன் பிரேக்கை இறக்கி, வேனின் எல்லாக் கதவுகளையும் மாற்றுச் சாவியால் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு ஆள் நடமாட்டமில்லாத சாலை. மரமில்லை, கடையில்லை. ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றார்கள், இருவரும் இறங்கவில்லை. ரயில் போனது, கேட் திறந்தது. தம்பி கிளட்சை விட்டதும், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி பிக்கப் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

அவன் இறங்கிப் போனான். வேனின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அவளும் இறங்கிப் போய்ப் பார்த்தாள். கதவு பூட்டியிருந்தது. ஹேண்ட் பிரேக் மேலே நின்றது. ஓட்டுநர் சீட்டின் மெத்தை, ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு அமுங்கியிருந்தது.

"அக்கா, அத்தான் இருக்காரா?" என்றான் தம்பி. "போன் பண்ணிக் கேளு."

அவள் கேட்பதற்குள் மகளே கூப்பிட்டாள்.

"அம்மா, எங்க இருக்கீங்க? அப்பாவைப் பார்க்கப் பயமா இருக்கு. காலையிலேர்ந்து படுத்தபடியே ரெண்டு கையையும் தூக்கி எதையோ பிடிச்சுத் திருப்பறார். இப்போ இடது கையால கட்டில் ஓரத்துல எதையோ மேலே இழுத்து வெச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறார். கை இறுகிப்போச்சும்மா."

சாகக் கிடப்பவர்கள் காற்றைப் பிடிப்பார்கள், போர்வையைப் பிடுங்குவார்கள். வார்டில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்தால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொல்வாள். ஆனால் எவரும் ரயில்வே கேட் மூடிய நேரம் பார்த்துக் கையை இழுத்ததில்லை.

அவள் வேனின் கண்ணாடியை ஒட்டி நின்றாள்.

"பயந்தது போதும்டி. அப்பாவுக்கு இடப்பக்கம் போய் உட்காரு. கேட் திறந்தாச்சு, பிரேக்கை எடுங்கன்னு சொல்லு."

"என்னம்மா உளர்றே?"

"சொல்றதைச் செய்."

போனில் மகள் சொல்வது கேட்டது. வேனுக்குள் டக்கென்று ஒரு சத்தம். பிரேக் கீழே இறங்கிக் கிடந்தது. பிடி விட்டாற்போல் வேன் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்து, இழுவைக் கம்பி கிறீச்சிட்டது. தம்பி சாலையோரத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என்னால முடியாதுக்கா. இதை இங்கேயே கழட்டி விட்டுடறேன்."

"கழட்டினா அவரை யார் கொண்டுவர்றது? எழுந்திரு. உனக்கு என்ன வேலை? முன்னாலதானே பார்த்து ஓட்டணும். கண்ணாடியைத் திருப்பி வெச்சுக்கோ."

"உனக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு. அதுக்காக?"

வண்டி கிளம்பியது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மகளிடம், "சூப் ஏதாவது வெச்சிருக்கியா? ஸ்பூனோட எடு. நான் சொல்றதை அப்படியே அவர்கிட்ட சொல்லு" என்றாள். பிறகு சாலையைச் சொல்ல ஆரம்பித்தாள். லெஃப்ட்ல திருப்பம். ஸ்பீடு பிரேக்கர், மெதுவா. எதிர்ல லாரி, ஒதுங்கிக்கோங்க. இப்போ ஒரு வாய் குடு. மகள் அங்கே திருப்பிச் சொல்லும் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுக்கம் போய்விட்டது.

"அம்மா, வாயைத் திறந்துட்டார். முழுங்கறார்!"

"தலையைச் சாய்க்காதே, புரையேறும். அடுத்த வளைவுக்கு அப்புறம் அடுத்த ஸ்பூன்."

வழி முழுக்க அப்படித்தான் போனது. பின்னால் ஸ்டியரிங் அவள் சொன்னபடி, சில சமயம் அவள் சொல்வதற்குச் சற்று முன்பே, திரும்பிக்கொண்டிருந்தது. அவள் ஒருத்தி மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் மகளின் ஊருக்குள் நுழைந்தார்கள். குழாய் போட வந்த நர்ஸ், அவர் தானே விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் பையை மூடிக்கொண்டு போய்விட்டதாக மகள் சொன்னாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. தம்பியும் நாள் முழுவதும் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டான். மகளின் தெரு வந்தது. பச்சைக் கேட் போட்ட வீடு கண்ணுக்குத் தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான்.

"அம்மா, வண்டிச் சத்தம் கேக்குது" என்றாள் மகள். "அப்பா சிரிக்கறார். ஏதோ கேக்கறார் பாரேன். எல்லாரும் இறங்கியாச்சா, வீட்டுக்குப் போலாமாங்கறார்."

அவள் முதுகு நிமிர்ந்தது. முகம் தெளிந்து, நன்றாகச் சாப்பிட்டு, எல்லோரையும் விசாரித்துவிட்டு, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்ட எத்தனை பேரின் காலிக் கட்டிலில் அவள் மறுநாள் காலையில் விரிப்பு மாற்றியிருக்கிறாள்!

"இல்லைன்னு சொல்லு" என்றாள் மகளிடம். "இன்னும் ஒரு பிள்ளை இறங்கலை, பின்சீட்டுல தூங்குதுன்னு சொல்லு. அதைக் கொண்டுபோய் விடணும்னு சொல்லு."

தம்பி பிரேக்கில் கால் வைத்தபடி அவளைப் பார்த்தான்.

"நிறுத்தாதே. தாண்டிப் போ."

"எங்கக்கா?"

"எங்கேயாவது. டீசல் இருக்கா?"

"பாதி டேங்க் இருக்கு."

"அதுக்குள்ள பங்க் வந்துடும். போ."

பச்சைக் கேட் வந்தது, பின்னால் போனது. அவள் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு, "ரைட்ல திருப்பம் வருது, பார்த்து மெதுவா" என்றாள்.