கையைக் கேட்டவன் கரையில் நின்ற நாள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பாம்பன்காரன். மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவன். மூன்று வருடத்துக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய முதல் வாரம், வலை இழுக்கும் விஞ்சு எந்திரத்தில் என் வலது கை மாட்டியது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வலி ஆறிவிட்டது. வெட்கம் ஆறவில்லை. என் மனைவி எஸ்தர், கடல்பாசி எடுக்க வள்ளத்தில் போகும் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். பொம்பளை கடலுக்குப் போகிறாள், ஆம்பளை வீட்டில் கிடக்கிறான் என்று ஊரே பேசுவதாக நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆராதனைக்கும் போகவில்லை.

ஒருநாள் எஸ்தர் சொன்னாள், "சாயங்காலம் கரைக்கு வாங்களேன். பாசி மூட்டையை ஒரு கை பிடிச்சா சட்டுன்னு இறக்கிரலாம்."

அவள் இயல்பாகச் சொன்ன வார்த்தை அது. நான் கத்தினேன். "ஒரு கைன்னு குத்திக் காட்டுறியாடி?"

அவள் அழுதுகொண்டே அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கும் நான் ஜெபித்தேன். என்ன ஜெபம்? "ஆண்டவரே, என் கையைத் தாரும். என் மரியாதையைத் திருப்பித் தாரும்." என் ஜெபத்தில் அவள் பெயர்கூட வரவில்லை.

அடுத்த வருடம் ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று திடீரென்று ஏறியது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "அண்ணே, பாசிக்குப் போன வள்ளம் இன்னும் திரும்பலை!"

சட்டைகூடப் போடாமல் கரைக்கு ஓடினேன். என்னோடு கடலுக்குப் போன ராயப்பனும் மற்றவர்களும் ஒரு படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் தோளைக் கொடுத்தேன். அலை அடித்து விழுந்தேன். ஒற்றைக் கையால் எழுந்திருக்கவே திணறினேன்.

"ஏலே, நீ இங்கன நில்லு. நாங்க போயி கூட்டிட்டு வாரோம்" என்றான் ராயப்பன்.

யாருடைய கண்ணில் படக்கூடாது என்று ஒளிந்திருந்தேனோ, அவர்கள் எல்லோர் முன்பும் ஈர மணலில் முழங்காலிட்டேன். "அப்பா, கையைக் கேட்க மாட்டேன். அவளைத் தாரும். நான் இப்படியே இருந்துக்கிறேன்" என்று கதறினேன். அலை இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

இஞ்சின் நின்றுபோய் அலைந்துகொண்டிருந்த வள்ளத்தை, வெளிச்சம் மங்கும் முன் கட்டி இழுத்து வந்தார்கள். போன பெண்கள் எல்லோரும் உயிரோடு வந்தார்கள். ஸ்தோத்திரம்! எஸ்தர் குளிரில் நடுங்கியபடி இறங்கினாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்களா? கரைக்கு வந்துட்டீகளா?"

சாவிலிருந்து தப்பி வந்தவளுக்கு, நான் கரையில் நின்றதுதான் அதிசயமாக இருந்தது. கை போன நாளில்கூட நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாளே மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். வேதம் சொல்கிற மனரம்மியம், அந்த மனநிறைவு, எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. இப்போது சோறு வடிக்கிறேன், பாசி காயவைக்கிறேன், ஒற்றைக் கையால் மீன்கூட ஆய்வேன். சில நாள் தெருவில் யாராவது உற்றுப் பார்த்தால் பழைய கூச்சம் வந்துவிடும். அப்போதெல்லாம் வீட்டுக்குள் போய் ஒளியாமல், நின்ற இடத்திலேயே ஜெபிக்கிறேன். அவர் என் கையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போதும் என்கிற மனதைக் கொடுத்திருக்கிறார்.

இதைக் கேட்கிறவர்களில் யாராவது என்னைப்போலக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். வெட்கம் போன பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். வெட்கத்தோடேயே போங்கள். என்னை அவர் அப்படித்தான் சேர்த்துக்கொண்டார்.