கடைசி அணிக்கு முதல் ஆள்

திங்கட்கிழமை காலை கில் வேலைக்குக் கேக் கொண்டுவந்திருந்தார். மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துக் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குகிற கியூபெக்காரர் அவர். பிறந்தநாளா என்று கேட்டேன். இல்லையாம். அவர் ஆதரிக்கிற கூடைப்பந்து அணி முந்தின நாள் தோற்றுவிட்டதாம். பருவம் முழுவதும் தோற்று, கடைசி இடம் உறுதியாகிவிட்டதாம். நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அனுதாபம் தெரிவித்தேன். அவர் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிச் சிரித்தார்.

நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படும். இங்கே தொழில்முறைக் கூடைப்பந்தில், புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களைப் பொதுவில் வைத்து, மோசமாகத் தோற்ற அணிகளை முன்னுக்கு விட்டு எடுக்கச் சொல்வார்கள். வென்றவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஓர் அணி கொடுக்கிற மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அப்படியிருந்தும் பெரிய நட்சத்திரங்கள் பேசிவைத்து ஒரே அணியில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள் என்று கில் மேசையில் குத்துவார். எவ்வளவு நீதியான ஏற்பாடு என்று நான் உருகிப்போய்ச் சொன்னேன்.

"நீதியா?" கில் என்னை விளங்காமல் பார்த்தார். "ஒரே அணி வென்றுகொண்டிருந்தால் டிக்கெட்டை யார் வாங்குவது?"

நட்சத்திரங்களை ஓரிடத்தில் சேர்க்கிற வித்தை எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில் ஒரு தெருதான். கரப்பந்துப் போட்டி என்றால் அவர்கள் வெளியாட்களை இறக்குவார்கள். ஒருமுறை இறுதியாட்டத்துக்கு முன், நன்றாக அடிக்கிற பொடியன் ஒருவனுக்கு அங்கேயே கலியாணம் பேசி, பதிவு எழுத்தையும் முடித்து, ஊர் மாப்பிள்ளை என்று களத்தில் விட்டார்கள். தோற்ற எங்களுக்கு யாரும் ஆள் தரவில்லை. கூ அடித்தார்கள்.

மொன்றியலிலும் அதே கதை. கோடையில் ஊர்ச்சங்கங்கள் சேர்ந்து பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிப் பூங்காவில் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் போட்டி வைக்கின்றன. பக்கத்து ஊர்ச் சங்கத்தின் தலைவர் சேவியர் அண்ணை, ரொறன்ரோவிலிருந்து நெடிய பிள்ளைகளை வான் பிடித்துக் கொண்டுவருவார். தாய்வழியில் எங்கள் ஊர் என்பார், தகப்பன்வழியில் என்பார், இரண்டும் சரிவராவிட்டால் ஞானஸ்நானத்துக்கு நின்ற ஞானத்தாய் எங்கள் ஊர் என்பார். கோப்பை அவர்களுக்கு. கடைசி இடம் எங்களுக்கு. இங்கே மிஞ்சியிருக்கிற எங்கள் ஊர்க் குடும்பங்கள் அலுத்துப்போய், இந்த வருடமும் கோப்பை இல்லையென்றால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று தீர்மானித்தார்கள். சங்கத் தலைவர் நான். ஊரில் இப்போது ஆளில்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அந்தப் பெயர் எங்கள் பிள்ளைகளின் சட்டைகளில் மட்டும்தான் இருக்கிறது. அது போய்விடும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே சங்கங்களின் பொதுக் கூட்டத்தில் கில்லின் சட்டத்தை முன்வைத்தேன். எல்லாப் பிள்ளைகளும் பொதுவில், கடைசி அணி முதலில் எடுக்கும். மற்ற ஊர்களும் வயிறெரிந்துகொண்டிருந்ததால் உடனே ஏற்றுக்கொண்டார்கள். நான் முதல் ஆளாக ரொறன்ரோவின் ஆக நெட்டைப் பிள்ளையை எடுத்தேன். என் மகள் நிலானியை அடுத்த சுற்றுக்கு வைத்திருந்தேன். தகப்பன் முன்னால் இருக்க, அவன் பிள்ளையை இன்னோர் ஊர் கேட்காது. எங்கள் சனத்திடம் அந்த மரியாதை உண்டு.

"நிலானி," என்றார் சேவியர் அண்ணை, சுற்றின் கடைசியில் தன் முறை வந்ததும்.

"அது எங்கட பிள்ளையெல்லோ, அண்ணை?"

"ஓம், நல்லா விளையாடுற பிள்ளை. சட்டம் நீர் கொண்டுவந்ததுதானே?"

மனைவி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். நிலானிதான் ஆறுதல் சொன்னாள். "நான் ரெண்டு ஊரையும் கண்டதே இல்லை, அப்பா. எந்தச் சட்டை எண்டாலும் செ கொரெக்ட்." பரவாயில்லையாம். அவள் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இறுதியாட்டத்துக்கு வந்தது நாங்களும் அவர்களும்தான். நெட்டைப் பிள்ளை எங்களுக்காகப் புள்ளிகளைக் குவித்தாள். என் மனைவி மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். நேரம் முடியும்போது இரண்டு பக்கமும் சமன். அந்தக் கணத்தில் எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தி நிலானியைத் தள்ளிவிட்டதால், யாரும் மறிக்காமல் கூடைக்குள் எறிய அவளுக்கு இரண்டு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஒன்று விழுந்தாலும் கோப்பை அவர்களுக்கு, எங்கள் ஊர்ப் பெயரும் அதோடு சரி.

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். நானும் கைதட்டினேன். நிலானி திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு பந்தை இரண்டு தரம் நிலத்தில் தட்டினாள்.

இரண்டாவது உள்ளே விழுந்தது. எதிர்ப்பக்கம் பக்கத்து ஊர் முழுவதும் எழும்பிக் கத்தியது, நடுவில் என் மனைவி. எங்கள் பக்கம் எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தபடி என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் எழும்பி நிற்பது எனக்குத் தெரிந்தது. சந்தோஷம் தாங்க முடியவில்லை. ஊர்ப் பெயர் போட்ட சட்டையோடு, அந்தப் பெயரை முடித்துவைத்த பிள்ளைக்காகக் கை நோகத் தட்டிக்கொண்டிருந்தேன்.