பித்தளைத் தண்டு

பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையை விட்டு வந்து வருடங்கள் ஆகியும், அந்த அறை காளிராஜின் கையை விட்டுப் போகவில்லை. தாயில்பட்டி பஸ் ஸ்டாப் பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் சின்னக் கடை அவருடையது. மேசையில் இரும்பும் பித்தளையும் கிடந்தால் கை பித்தளையைத்தான் எடுக்கும். எடுக்காமல் என்ன செய்யும்? எவனோ இரும்புக் கரண்டியால் தரையைச் சுரண்ட, பொறி பறந்த ஒரு நொடியில், கூட வேலை பார்த்தவர்கள் கரிக்கட்டையாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்றோடு பட்டாசு ஆலைக்குப் பெரிய கும்பிடு போட்டார். மனைவி மாடத்தி மட்டும் வேறொரு ஆலையில் மருந்து அடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வேன் ஏறும் ஒவ்வொரு காலையும், வேன் கண்ணை விட்டு மறையும்வரை அவர் வாசலிலேயே நிற்பார்.

2006 தீபாவளி சீசனில், அவளுடைய முதலாளி ஒரு மரப்பெட்டியைக் கடையில் இறக்கினார். கொடைக்கானல் பங்களா ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கிய, தானாகப் பாடும் பழைய பெட்டி.

"ஆயுத பூசைக்கு நம்ம கம்பெனியில இது பாடணும், காளிராஜ். பொம்பளைக அசந்து போகணும்."

திறந்து பார்த்தார். உள்ளே முள்முள்ளாக ஒரு பித்தளை உருளை, எதிரே எஃகுச் சீப்பு. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் இறுகும். அது விரிய விரிய உருளை சுற்றும். முட்கள் சீப்பின் பற்களை நெம்பி விடும்போது பல்லுக்கு ஒரு சுரம் பிறக்கும். இத்தனையையும் அடக்கி வைப்பது ஓரத்தில் சுழலும் நகத்தளவு விசிறி. அது காற்றைத் தள்ளச் சிரமப்படுவதால்தான் ஸ்பிரிங் நிதானமாக விரிகிறது. விசிறி கைவிட்டால் மொத்த விசையும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும். மருந்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று காளிராஜுக்குத் தோன்றியது. அவருக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவே இல்லை.

விசிறியைச் சுழற்றும் மரை போட்ட எஃகுத் தண்டு தேய்ந்திருந்தது. புதிதாகக் கடைய வேண்டும். பெட்டி போவது பட்டாசு ஆலைக்கு, ஒரு இரும்பையாவது குறைப்போம் என்று பித்தளையில் கடைந்தார். புத்தி சொன்னதல்ல, பயம் சொன்னது.

பூசையன்று மருந்து அடைக்கும் அறையைக் கழுவிவிட்டு, சல்லடைகளுக்குச் சந்தனம் பூசி, நடுவில் பெட்டியை வைத்தார்கள். முதலாளி மூச்சைப் பிடித்துச் சாவியை முறுக்கினார்.

"போதும் மொதலாளி, தாங்காது" என்றார் பக்கத்தில் நின்ற காளிராஜ்.

"சும்மா இருலே."

பாட்டு அழகாகத்தான் தொடங்கியது. பிறகு வேகம் கூடியது. எஃகின் உறுதி இல்லாத பித்தளைத் தண்டின் மரை மழுங்கி விசிறி நின்றுபோனது. உருளை பேய் பிடித்ததுபோல் சுற்ற, சீப்பின் பற்கள் படபடவென ஒடிந்து பறந்தன. பெண்கள் வெளியே ஓடினார்கள். சத்தம் கேட்டால் ஓடுவது அங்கே காலுக்குப் பழக்கம். அறையில் மருந்து இல்லாத நாள், பிழைத்தார்கள்.

காளிராஜ் தரையில் ஊர்ந்து ஒடிந்த பற்களைப் பொறுக்கி, சீப்பின் இடைவெளிகளில் பொருத்திப் பார்த்தார். ஓரிடம் நிரம்பவே இல்லை. பெருக்கினார்கள், தண்ணீர் விட்டு அலசினார்கள். அந்தப் பல் கிடைக்கவில்லை.

"ஒத்தப் பல்லுக்காக விசயதசமி வேலைய நிறுத்தவா? ஆர்டர் நிக்குது" என்றார் முதலாளி.

மறுநாள் காலை காளிராஜ் மனைவியை வழிமறித்தார்.

"நீ போக வேண்டாம் மாடத்தி."

"நான் போகலன்னா என் இடத்துல புதுசா ஒருத்தியக் கொண்டாந்து உக்கார வைப்பாக. அவளுக்கு என்ன தெரியும்? நானாவது பாத்து உக்காருவேன்."

வேன் போய்விட்டது. காளிராஜுக்குக் கடையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து, காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

ஆலை வாசலில் காவலாளி பெத்தணன் வழக்கம்போல மடியைத் தடவினான், துணியை அவிழ்த்தான்.

"என்னண்ணே, இரும்பாட்டம் இருக்கு?"

"காந்தம்டா. உள்ள ஒரு எஃகுப் பல்லு கெடக்கு, அதை எடுக்கணும்."

"மொதலாளி கார்ல என்ன வருதுன்னு நான் பாக்க முடியாது. நடந்து வாறவுகளப் பாக்கணும். இரும்ப விட்டா அம்புட்டுப் பேரு உசுரும் போயிரும்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

காளிராஜுக்குத் தெரியும். அந்த விதியால்தான் இத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் தெரியும். கம்பிவேலிக்கு அப்பால் அறையின் கதவு விரியத் திறந்திருந்தது. மருந்துத் தட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. மாடத்தி சம்மணம் போட்டு உட்காரும் முன் குனிந்து, தரையைக் கையால் தடவிப் பார்த்தாள்.