குறை சொல்லக் கூட்டிப்போனவர்

அந்தோணிசாமி போய்விட்டார் என்று அவர் மனைவி செல்வராணி போனில் சொன்னபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மார்வலி என்றாராம், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அறந்தாங்கியில் அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது.

எங்கள் பக்கம் மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர்கள் குறை சொல்வதற்கென்றே ஓர் ஆளைக் கூட்டிப்போவார்கள். மாட்டின் மேல் ஆசை வைத்துவிட்டவன் கண்ணுக்குக் கெட்ட சுழியும் தெரியாது, தேய்ந்த பல்லும் தெரியாது. வெகுகாலம் அந்த ஆளாகப் போனவன் நான். துபாயில் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பிய அந்தோணிசாமி, இன்டர்நெட் கம்பெனிகளின் ஷேர் வாங்கவும் என்னையே பிடித்தார்.

"எனக்கு அதுல என்னப்பா தெரியும்?"

"தெரியாதுல்ல, அதான் வேணும். நான் ஆசைப்பட்டுட்டேன். நீங்க குத்தம் சொல்லுங்கண்ணே."

முதலில் வந்தது, போனில் கேட்டால் மளிகையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனி. காங்கிரீட் கூரை போட்டு மெத்தை வீடு கட்ட வைத்திருந்த பணம் முழுவதையும் அதில் போடப் பார்த்தார்.

"பத்து ரூவா கொத்தமல்லிக்குப் பெட்ரோல் போட்டு வாரான். அவனுக்கு என்ன மிஞ்சும்?"

"இன்னைக்கு மிஞ்சாது. சனம் பழகிருச்சுன்னா விடாதுண்ணே."

"பழகுற வரைக்கும் ஒன் வீட்டுக் காசுலதான் பெட்ரோல் போடுவானா?"

சிரித்தார். ஆனாலும் பாதிதான் போட்டார். விலை இறங்கியது. மிச்சப் பாதியில் வீட்டுச் சுவர் எழும்பியது.

அடுத்தது போனிலேயே பணம் அனுப்புகிற கம்பெனி. கையில் நோட்டைத் தொடாமல் எவன் வியாபாரம் செய்வான் என்றேன். கேட்கவில்லை, வாங்கினார். அது ஏறியது. பூக்காரம்மா தட்டில் ஒட்டியிருந்த அந்தக் கம்பெனி அட்டையைக் காட்டி, "ஒங்க பேச்சையே கேட்டுக்கிட்டிருந்தா கூரைக்கு நான் தென்னங்கீத்துதான் வாங்கணும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு நிபந்தனை போட்டார். "குத்தம் சொன்ன வாயால நல்லது ஒண்ணும் சொல்லணும். ரெண்டையும் கேட்டுட்டுத்தான் கைய வைப்பேன்."

கூரை போடுமுன் போய்விட்டார். அந்தப் போன் பணக் கம்பெனி ஷேர் இப்போது செல்வராணி பெயருக்கு மாறியிருக்கிறது. மருமகன் எல்லாவற்றையும் விற்கச் சொல்கிறாராம். போன வாரம் செல்வராணி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. விக்கவா, வைக்கவா?"

"ஏறுனது எறங்கும்த்தா. மழை வந்தா போன்ல இருக்குற காசு ஒன் தலைக்கு மேல நிக்காது" என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். அந்தோணிசாமி போட்ட நிபந்தனை விடவில்லை. "ஆனா இந்தச் சனம் இனிமே சில்லறை எண்ணப் போறதில்ல. கம்பெனி இன்னும் வளரலாம்."

செல்வராணி கூரை இல்லாமல் நின்ற சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"கூரைக்கு ஆகுற அளவு வித்துருவோம். மிச்சம் கெடக்கட்டும். எறங்குனாலும் நனைய மாட்டேன்ல."

அதில் குறை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. குறை இல்லை என்று வாய்விட்டும் சொன்னேன். அப்படிச் சொல்லும் பழக்கம் எனக்கு அந்தோணிசாமி கொடுத்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.