மூன்று டைரக்டர்களும் ஒரு வேனும்

லாபம் எடுக்கக் கூடாத கம்பெனிகளைப் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். தர்மம் செய்ய வருபவர்களிடம் "இது முடியாது, அது முடியாது" என்று சொல்லிச் சொல்லியே திருத்தணியில் என் பெயர் கெட்டுப்போயிருக்கிறது. என்னைப் போல மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

சாமி பாதத்தில் வைத்த பெயர்

முனிரத்தினத்துக்கு ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி. டயாலிசிஸுக்காக டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் நோயாளிகளுக்கு இலவச வேன் விட வேண்டும், அதற்கு ஒரு கம்பெனி வேண்டும் என்று வந்தார். தங்கமான மனசு. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே முருகன் பெயர் ஒன்றைத் தாளில் எழுதி, மலையேறி சாமி பாதத்தில் வைத்து எடுத்து, பெயர்ப்பலகையும் எழுதிவிட்டார். விண்ணப்பித்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கிறது என்று திரும்பி வந்தது.

"சாமியே சரின்னுட்டாரு. அதுக்கு மேல வேணாம்னு சொல்ல இவங்க யாரு சார்?"

வீட்டுக்குள்ளேயே போர்டு

ஒருவழியாக ஊர்ப் பெயரைச் சேர்த்து வேறு பெயர் வாங்கினோம். அடுத்து போர்டில் உட்கார டைரக்டர்கள். அவர், மனைவி சரோஜா, அவர் 'பாவா' என்று கூப்பிடும் அக்கா புருஷன் என்று பட்டியல் கொடுத்தார். சட்டம் தடுக்காது. ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. "நாளைக்கு நீங்க தப்பு பண்ணா யாருங்க கேப்பாங்க?" என்றேன். விருட்டென்று எழுந்து போய்விட்டார். வேன் போச்சு என்று நினைத்து, நிஜமாகவே வருந்தினேன்.

பத்து நாள் கழித்து குப்பம்மாவோடு வந்து நின்றார். கூலி வேலைக்குப் போகிறவர், புருஷனுக்கு டயாலிசிஸ்.

"பாவா பேர அடிச்சிட்டு இந்தம்மா பேர போடுங்க சார். மூஞ்சிக்கு நேரா என்னத் திட்டறது ஊர்லயே இது ஒண்ணுதான்."

முதல் கூட்டம்

என் ஆபீஸில்தான் நடந்தது. முகூர்த்த நாட்களில் மட்டும் வேன் தன் வீட்டு உபயோகத்துக்கு என்று முனிரத்தினமே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். "முகூர்த்தத்துக்கு கிட்னி லீவு வுடுமாங்க?" என்றார் குப்பம்மா. ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. எல்லோரும் சரோஜாவைப் பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் தீர்மானத்தை வரி வரியாகப் படித்தார். பிறகு குப்பம்மா பக்கம் கையைத் தூக்கினார். முனிரத்தினத்தின் முகம் தொங்கிப்போனது.

"வூட்ல நீ இன்னா சொன்னாலும் ஆங்னு சொல்லிகினு இருந்தேன். இங்க நானும் டைரக்டரு."

அடுத்த முகூர்த்த நாளில் வேன் நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனது, முனிரத்தினம் பட்டு வேட்டியோடு ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். நல்ல நிர்வாகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்கிறேன்.