அபிசா கீறிய பச்சை இலை

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், தொலைபேசி திருத்தும் கடையொன்றின் மேல்மாடியில் அபிசா வேலை செய்கிறாள். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மடிக்கணினி, அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கீழே கழுதைகள் பழத்தோலுக்குத் தங்களுக்குள் அடிபடும். முருங்கனுக்கு உள்ளே இருக்கும் அவளது ஊரில் இணையம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் வார நாட்களில் இங்கேயே தங்கிவிடுகிறாள்.

என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு அவளும் விதம் விதமாக விளக்கிப் பார்த்துவிட்டாள். கடைசியில், "ஃபோனில எது எங்கை தெரியவேணும் எண்டு கீறிக் குடுக்கிறன்" என்றாள். "அதுக்குமோ சம்பளம்?" என்று வாயைப் பிளந்தார்கள். அண்ணன் அனோஜன் மட்டும் அப்படிக் கேட்டதில்லை. அப்பா செத்த பிறகு உழவு மெசின் ஓட்டி அவளைப் படிக்க வைத்தவன் அவன். முதல் மடிக்கணினியும் அந்த மெசின் உழுத உழவில் வந்ததுதான். தங்கச்சி எதைச் செய்தாலும் அவனுக்குச் சரி. அந்தக் கண்மூடித்தனமான சரிதான் பிறகு அவன் தலையிலேயே விழுந்தது.

போன வருடம் கொழும்புக் கம்பனியொன்று அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. கிரிப்டோ நாணயம் வாங்கவும், வாங்கியதன் இன்றைய பெறுமதியைப் பார்க்கவும் உதவும் செயலி அது. பழைய முகப்பு ஒரு பேய்க்கூத்து. திறந்தவுடன் சிவப்பு எண்கள் துடிக்கும், கோடுகள் தலைகுப்புற விழும். பார்த்தவர்கள் பயந்து, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஓடினார்கள்.

"ஆக்கள் பதறாமல் இருக்கவேணும் அபிசா. முகப்பை முழுசா மாத்தித் தாங்கோ" என்றாள் மேலாளர் டிலோஜினி.

அபிசா செயலியைப் பாவிக்கும் பலரோடு பேசினாள். விடிந்ததும் இதைப் பார்த்து நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு பெண் சொன்னது அவளுக்குள் கிடந்து அரித்தது. அப்போதுதான் வீட்டுக் களம் நினைவுக்கு வந்தது. அவள் ஊரில் நெல் குவிந்து கிடக்கும்போது யாரும் அதை எண்ணிச் சொல்வதில்லை. குறைந்தது, முடிந்தது என்ற பேச்சே கூடாது. குவியலை மூடிவைத்தால், நேரம் வரும்வரை தூக்கிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் விளைச்சலின் பொலிவு போய்விடும் என்பார்கள். இப்போது மெசினே வெட்டி, அடித்து, மூட்டையில் கொட்டிவிடுகிறது. ஆனாலும் அனோஜன் மூட்டைகளுக்கு மேல் படங்குத் துணியை இழுத்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொள்வான்.

அபிசா எண்களை எல்லாம் உள்ளே தள்ளினாள். முகப்பில் ஒரு நெற்குவியல், அதை மூடியபடி ஒரு பச்சை இலை. இலையில் விரலை அழுத்திப் பிடித்தால் அது மேலே எழும்பும், கீழே உண்மைப் பெறுமதி தெரியும். விரலை எடுத்தால் மெல்ல அசைந்து பழையபடி மூடிக்கொள்ளும். அந்த அசைவுக்காக மட்டும் ஒரு கிழமை மாரடித்தாள். பரிசோதித்த கொழும்பு ஆட்கள் எல்லோரும் இலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முகப்பு வெளியானபின் பதறி விற்பவர்கள் குறைந்தார்கள். கம்பனி அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய், அண்ணனின் தொலைபேசியில் செயலியைப் போட்டுக் காட்டினாள்.

"இது நான் கீறினது அண்ணை."

அவன் நெடுநேரம் பார்த்தான். "எங்கட களம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வாங்கு என்று அவளும் சொல்லவில்லை.

மாரி மழைக்கு முன் முதல் உழவு தொடங்கியபோது மறுபடி ஊருக்குப் போனாள். கொட்டிலில் மெசின் இல்லை. எண்ணெய் வடிந்த கறை மட்டும் மண்ணில் கிடந்தது. பக்கத்து வயலில் அந்த வயல்காரர் சிவராசாவின் மெசினைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான் அண்ணன்.

"எங்கட மெசின் எங்கை அண்ணை?"

"வித்திட்டன். காசை உன்ர குவியலுக்குள்ளதான் போட்டு வைச்சிருக்கிறன்" என்று சிரித்தான். கலியாண வயதில் நிற்கும் தங்கச்சிக்குச் சொல்லாமல் ஒரு நல்லது செய்த சிரிப்பு அது.

எந்த நாணயம் என்று கேட்டாள். முருங்கன் தேத்தண்ணிக் கடையில் யாரோ புகழ்ந்ததாம். பெயரைச் சொன்னான். அது விழுந்து நொருங்கி இரண்டு மாதம் ஆகிறது. அவள் தொலைபேசியைப் பறித்து இலையில் விரலை வைக்கப்போனாள். அவன் வெடுக்கென்று பிடுங்கினான்.

"தொடாதை! இன்னும் நேரம் வரேல்லை."

"ஒருக்காலும் தூக்கிப் பாக்கேல்லையோ?"

"குவியலை ஆர் தூக்கிப் பாக்கிறது?"

"அண்ணை, அது போட்டுது. ஒண்டும் மிச்சமில்லை."

"விசர்க்கதை கதைக்காதை. இலை பச்சையாத்தானே கிடக்கு."

"அது எப்பவும் பச்சைதான். நான்தான் அப்பிடிக் கீறினனான்."

அனோஜன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கோபம் இல்லை, குழப்பம்தான். "நீ எனக்கு ஏன் பொய் கீறப்போறாய்?" என்றான்.

அபிசா சிக்னல் தெளிவாகக் கிடைக்கும் குளக்கட்டுக்கு ஓடிப்போய் டிலோஜினியை அழைத்தாள். பெறுமதி விழுந்தால் இலையும் கருகவேண்டும், இன்றைக்கே மாற்றவேண்டும் என்று அழாக்குறையாகக் கேட்டாள். டிலோஜினி பொறுமையாகத்தான் பேசினாள். "மற்ற ஆக்கள் எல்லாரும் தூக்கிப் பாக்கினம்தானே அபிசா. ஒரு ஆளுக்காக எப்பிடி மாத்துறது?" அந்த ஒரு ஆள் யார் என்று சொல்லாமலே அபிசா அழைப்பைத் துண்டித்தாள். வெட்கமா, துக்கமா என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை.

திரும்பி வந்தபோது மெசின் வயல் நடுவே ஓட்டாமல் நின்றது. அனோஜன் வரம்பில் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எழும்பினான். வாய்க்காலில் கை கழுவினான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். களத்தில் குவியலைத் திறக்க நிற்பது போலக் கிழக்கே பார்த்து நின்று, தொலைபேசியைத் திறந்து, இலையில் விரலை அழுத்தினான்.

இலை எழும்பியது. மெசினின் ஒரு சக்கரத்து ரயர்கூட வாங்கப் போதாத எண்.

அபிசா அவனுடைய கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை, திட்டவும் இல்லை. விரலை எடுத்தான். இலை மெல்ல அசைந்து, பழையபடி பச்சையாக மூடிக்கொண்டது. அவன் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தான். இன்னொரு தரம் விட்டான்.

"வடிவாத்தான் கீறியிருக்கிறாய் தங்கச்சி" என்றான்.

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, சிவராசாவின் மெசினை நோக்கி நடந்தான்.