பத்து கியர் செயினும் வாணியாறு அணை மேடும்

காலை 6.50. பொம்மிடியில் ரயில் அதிக நேரம் நிற்காது. உறையில் சுற்றிய இரண்டு சைக்கிள்களையும் நானும் என் கணவர் இளங்கோவும் அவசர அவசரமாக இறக்கினோம். ரயில் சீட்டில் கறை படாமலிருக்க, புதிதாக எண்ணெய் போட்ட அவருடைய செயினை மட்டும் கழற்றித் தனியாக வைத்திருந்தோம். பிளாட்பாரத்தின் கடைசியில் உட்கார்ந்து அதன் இரு முனைகளையும் குயிக் லிங்க்கால் இணைத்தேன். கையாலேயே மாட்டிக் கழற்றக்கூடிய சிறு கண்ணி அது. பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.

"போதும், பூட்டிக்கிச்சு" என்றார் இளங்கோ. சொல்லிவிட்டு அவரும் குனிந்து பார்த்தார்.

போன வருடம் ஜவ்வாது மலை ஏற்றத்தில் இப்படி ஒரு லிங்க் திறந்துகொண்டது. அவர் தோள் அடிபட விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் கிளம்பும் முதல் நீண்ட பயணம் இது. அன்றைக்கும் லிங்கை மாட்டியவள் நான்தான். அது அவருக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருந்தது.

8.40. பாப்பிரெட்டிப்பட்டி. என் மீட்டர் பதினாறு கிலோமீட்டர் காட்டியது. வலப்பக்கம் சேர்வராயன் மலை கூடவே வந்தது. மரவள்ளிக் காடுகள், கரும்பு, தென்னை. எதையும் நான் நிம்மதியாகப் பார்க்கவில்லை. அவர் செயினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சத்தம் கேட்பதுபோல இருந்தது. ஐந்து முறை நிறுத்தினோம். ஐந்து முறையும் லிங்க் போட்டபடியே இருந்தது.

டீ பன்னிரண்டு ரூபாய். கடை வாசலில் பைக்கை நிறுத்தியிருந்த மாதையன் என்ற விவசாயி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, செயின் லாக்கையே உத்து உத்துப் பாக்கறீங்க?"

"இதை நம்பவே முடியாதுங்க. போன வருஷம் இதாலதான் எலும்பு ஒடைஞ்சுது" என்றார் இளங்கோ.

"எங்க வண்டியிலயும் லாக்குதாங்க. ரெண்டு மூட்டை கெழங்கோட மேடு ஏறுது. செயினுக்கு ஒத்த சைசு போட்டா நிக்கும். துளி பெருசாப் போனாலும் லொடலொடன்னு ஆடிக் களண்டுக்கும். நீங்க அன்னிக்குப் போட்டது சரியான சைசுங்களா?"

"சரியான சைசுதாங்க" என்றார் இளங்கோ. சொல்லிவிட்டு, ஆமாம் என்பேன் என்று என்னைப் பார்த்தார்.

என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க. அன்னிக்கு நான் மாட்டினது ஒன்பது கியர் செயினுக்கான லிங்க். உங்களது பத்து கியர். அந்தச் செயின் இன்னும் ஒல்லி" என்றேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அடுத்த வாரம். லிங்க் வந்த டப்பாவைப் பாத்தேன்."

மாதையன் டம்ளரை வைத்தார். "வரட்டுங்களா, வூட்டுல தேடுவாங்க. அணை இன்னும் ஏழெட்டு கிலோமீட்டருங்க, நேராப் போங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

"இப்ப போட்டிருக்கறது?" என்று இளங்கோ கேட்டார்.

"பத்துதான். மேலேயே பொறிச்சிருக்கு."

கட்டை விரலால் எண்ணெயைத் துடைத்து அந்த எண்ணைப் படித்தார். பிறகு எனக்காகக் காத்திராமல் கிளம்பிவிட்டார்.

9.30. வாணியாறு அணைக்கு முன்னால் சாலை மேடாகிறது. அவர் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளிலும் அப்படித்தான் நின்று மிதித்தார். "உக்காந்து மிதிங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. நான் அந்த முதுகையும் செயினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்க, பின்னாலேயே ஏறினேன். செயின் தாங்கியது.

மேலே தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"பாக்கறவங்ககிட்ட எல்லாம் ஒரு வருஷமா இந்த லிங்கைத் திட்டினேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்த."

"ஆமா."

"மாட்டினது தப்பாப் போச்சு, சரி. ஆனா சொல்லாம இருந்தியே."

தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அணைத் தண்ணீர் எங்களுக்குக் கீழே அசையாமல் கிடந்தது. அதற்குமேல் அங்கே இருக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

திரும்பும் வழி முழுக்க அவர் முன்னால் போனார். ஒருமுறைகூட நிறுத்தவில்லை.

மாலை 4.15. பொம்மிடியிலிருந்து ரயில் நகர்ந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "மழை வந்தா தோள் இன்னும் வலிக்குது. நீ மாட்டின லிங்க் ஆச்சேன்னு உங்கிட்ட சொல்லல."

வீட்டில் ஒரு வருடம் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டோம், இதைப் பேசவில்லை. பேசுவதற்கு வெளியே வந்து நாற்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருந்தது.

குயிக் லிங்கை நம்பலாமா என்று சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். செயினுக்குப் பொருந்தியதாக இருந்தால் நம்பலாம் என்கிறேன். அன்றைக்குப் பொருந்தாததை மாட்டியது யார் என்பதையும் இப்போது சேர்த்தே சொல்கிறேன்.